தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.: மருந்து இருக்கிறது, தொடர் கண்காணிப்பு எங்கே?

மெட்டுகுடா (ஹைதராபாத்): செகந்திராபாதிலிருந்து தார்நாகாவுக்குச் செல்லும் பிரதான சாலையில், மெட்ரோ ரயில் பாதையின் கீழ் எந்நேரமும் பரபரப்பாக இருக்கும் பகுதி மெட்டுகுடா. லாலாகுடா ரயில்வே பணிமனையையும் தென் மத்திய ரயில்வே ஊழியர் குடியிருப்புகளையும் ஒட்டி வளர்ந்த இப்பகுதியில், பணி நிமித்தம் வந்து நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இங்கு வசிக்கும் ஒரு பெண் கருவுற்றால், மருத்துவத்துக்குச் செல்லக்கூடிய வாசல்கள் மூன்று. கணவர் ரயில்வே ஊழியர் என்றால் லாலாகுடாவில் உள்ள ரயில்வே மத்திய மருத்துவமனை. இல்லையெனில் முஷீராபாதில் உள்ள அரசு காந்தி மருத்துவமனை. கையில் சற்றுப் பணம் இருந்தால் தனியார் மகப்பேறு மருத்துவமனைகள்.

முதலாவது ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. இரண்டாவது மாநில அரசுக்கு உரியது. மூன்றாவது வகை, அரசின் எந்தத் துறைக்கும் நேரடியாகப் பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஆயினும் மூன்றில் எதில் நுழைந்தாலும் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. பரிசோதனை வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும், தொற்று உறுதியானால் தாமதமின்றிக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்க வேண்டும், பிறக்கும் குழந்தை 18 மாதம் வரை கண்காணிக்கப்பட வேண்டும் என்பது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் (நாகோ) கொள்கை.

கொள்கை தெளிவாக இருக்கிறது. மருந்தும் இருக்கிறது, அதைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் பலவும் இதே ஹைதராபாதில்தான் உள்ளன. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் இருக்கிறது. அப்படியிருந்தும் தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை இந்தியாவால் இன்னும் முற்றாக நிறுத்த இயலவில்லை. தாயையும் சேயையும் ஒரு வாசலில் கண்டுபிடித்து அடுத்த வாசலில் தவறவிட்டு விடுவதே இதற்கு முக்கியக் காரணம்.

அபாயம் எவ்வளவு?

எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தொற்று ஏற்படும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. எவ்வித மருத்துவத் தடுப்பும் இல்லாத நிலையில்கூட 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரைதான் தொற்றுக்கு ஆளாகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. கருப்பையில் இருக்கும்போது, பிரசவத்தின்போது, தாய்ப்பால் அருந்தும்போது என மூன்று கட்டங்களில் இத்தொற்று பரவுகிறது. தாய்ப்பால் தரும் காலம் நீள நீள அபாயமும் கூடுகிறது.

தாய் உரிய காலத்தில் கூட்டு மருந்து உட்கொண்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு கட்டுக்குள் வந்துவிட்டால் நிலைமை அடியோடு மாறுகிறது. குழந்தைக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. கருவுறும் முன்பே சிகிச்சை தொடங்கி, கிருமி முழுமையாக அடங்கிய தாய்மார்களிடம் இது மேலும் குறைந்து, மிக அரிதாகி விடுகிறது.

இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 20 ஆயிரம் எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்கள் கருவுறுகின்றனர் என்பது நாகோவின் மதிப்பீடு. சிகிச்சை பெற்றோர், பெறாதோர் அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2020-ஆம் ஆண்டில் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று பரவிய விகிதம் சுமார் 27 சதவீதம். பிந்தைய மதிப்பீடுகளில் இது குறைந்து வந்திருக்கிறது. சிகிச்சை பெற்ற தாயிடம் 5 சதவீதத்துக்கும் கீழே நிற்கும் அபாயம், நாட்டின் மொத்தக் கணக்கில் 27 ஆக உயர்ந்தது ஏன்? சிகிச்சைக்கு வராமலே போன தாய்மார்களும், பாதியில் சிகிச்சையை விட்டவர்களும், பாலூட்டும் காலத்தில் புதிதாகத் தொற்றுக்கு ஆளானவர்களும் அக்கணக்கில் இருப்பதால்தான்.

ஒரு மாத்திரையில் தொடங்கியது

1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் அன்றைய ஆய்வு மாணவி செல்லப்பன் நிர்மலா மேற்கொண்ட பரிசோதனையில் அவை வெளிச்சத்துக்கு வந்தன. அடுத்த எட்டு ஆண்டுகளுக்குக் கருவில் உள்ள குழந்தையைக் காக்க மருத்துவத்திடம் வழி இருக்கவில்லை. 1994-இல் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் நடைபெற்ற ஆய்வு ஒன்று, ஜிடோவுடின் மருந்து தரப்பட்ட தாய்மார்களிடம் தொற்று பரவும் விகிதம் 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. ஆனால் பல வாரங்கள் தர வேண்டிய அம்மருந்து, ஏழை நாடுகளுக்கு எட்டாத விலையில் இருந்தது.

1999-இல் உகாண்டாவில் நடந்த ஆய்வு எளிய வழி ஒன்றைக் கண்டது. பிரசவ வலி தொடங்கியதும் தாய்க்கு 200 மில்லி கிராம் நெவிரபைன் மாத்திரை ஒன்று. பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு அதே மருந்து சிரப் வடிவில் ஒரு வேளை. இதனாலேயே பரவல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தென்னாப்பிரிக்காவில் இம்மருந்தை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் தர அரசு தயங்கியபோது, அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2002 ஜூலையில் தலையிட்டு அதைத் தரும்படி ஆணையிட்டது.

இந்தியாவில் தமிழகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் உள்ளிட்ட தொற்று மிகுந்த மாநிலங்களில் 11 பெரிய மருத்துவமனைகளில் சோதனை முறையில் நடத்தப்பட்ட ஆய்வைத் தொடர்ந்து, 2002-இல் தாய்-சேய் பரவல் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் மக்கள் அறிந்த ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்கள் இதன் முதல் படியாயின.

ஒற்றை மாத்திரை முறைக்கு ஒரு குறை இருந்தது. ஒரு வேளை மட்டும் தரப்படும் நெவிரபைன், தாயின் உடலில் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளை உருவாக்கக் கூடியது. பிற்காலத்தில் தாய்க்கே சிகிச்சை தேவைப்படும்போது அம்மருந்து பலன் தராமல் போகும். தவிர, தாய்ப்பால் காலத்துப் பரவலை அது தடுக்கவும் இல்லை. குழந்தையைக் காக்கும் முயற்சியில் தாயின் உடல்நலம் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படுகிறது என்ற விமர்சனம் உலகெங்கும் எழுந்தது.

இதனால் 2012-இல் முதலில் ஒருங்கிணைந்த ஆந்திரம், கர்நாடகம், தமிழகம் ஆகிய மூன்று தென் மாநிலங்களிலும் கர்ப்பிணிகளுக்குக் கூட்டு மருந்து முறை கொண்டு வரப்பட்டது. 2014 ஜனவரி 1 முதல், தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வாழ்நாள் முழுவதும் கூட்டு மருந்து என்பது நாடு முழுமைக்குமான கொள்கை ஆயிற்று. 2017 முதல் இது தொற்றுள்ள அனைவருக்கும் விரிந்தது.

ஹைதராபாதின் மருந்து

எய்ட்ஸ் மருந்து விலை வீழ்ந்ததில் இந்திய நிறுவனங்களின் பங்கு பெரிது. மும்பையைச் சேர்ந்த சிப்லா 2001-இல் மூன்று மருந்துகளின் கூட்டை ஓராண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. மேலை நாட்டு நிறுவனங்கள் அதற்கு 10 ஆயிரம் டாலருக்கும் மேல் வசூலித்து வந்த காலம் அது. பின்னர் ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட ஹெட்டெரோ, அரபிந்தோ பார்மா போன்ற நிறுவனங்களும் இத்துறையில் முன்னணிக்கு வந்தன. ஆப்பிரிக்க நாடுகளில் எய்ட்ஸ் நோயாளிகள் உட்கொள்ளும் மருந்துகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து செல்வது.

இந்த நிலை நீடிக்க நாடாளுமன்றமும் ஒரு காரணம். 2005 மார்ச்சில் காப்புரிமைச் சட்டத் திருத்தம் நிறைவேறியபோது, இடதுசாரிக் கட்சிகளின் வலியுறுத்தலால் சில பாதுகாப்புகள் சேர்க்கப்பட்டன. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து புதிய காப்புரிமை கோருவதைத் தடுக்கும் பிரிவு அவற்றுள் முக்கியமானது. காப்புரிமை வழங்கப்படும் முன்பே எதிர்ப்பு தெரிவிக்கும் உரிமையும் தக்க வைக்கப்பட்டது.

அந்த உரிமையைக் குழந்தைகளுக்காகப் பயன்படுத்தியவர்கள் தொற்றுக்கு ஆளான பெண்களே. 1998-இல் சென்னையில் தொடங்கப்பட்ட எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களின் கூட்டமைப்பான 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்', தொற்றுள்ளோரின் மற்றோர் அமைப்புடன் சேர்ந்து, நெவிரபைன் சிரப்புக்கு ஜெர்மன் நிறுவனமான போரிங்கர் இங்கல்ஹைம் கோரிய காப்புரிமையை எதிர்த்தது. 2008 ஜூனில் தில்லி காப்புரிமை அலுவலகம் அந்நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. பச்சிளம் குழந்தைகளுக்கான மருந்து ஒரே நிறுவனத்தின் கையில் சிக்காமல் இருந்ததற்கு இத்தாய்மார்களின் வழக்கு ஒரு காரணம்.

'இயன்ற வரை' என்ற சொல்

எய்ட்ஸ் தொற்றுள்ளோரின் உரிமைகளுக்கான சட்ட வரைவு 2006-இலேயே தயாராகிவிட்டது. அன்றைய சுகாதார அமைச்சர் குலாம் நபி ஆசாத் அம்மசோதாவை மாநிலங்களவையில் அறிமுகம் செய்தது 2014 பிப்ரவரியில். மாநிலங்களவையில் அறிமுகமானதால் அவ்வாண்டு மக்களவை கலைக்கப்பட்டபோது மசோதா காலாவதியாகாமல் தப்பியது. ஜே.பி. நட்டா அமைச்சராக இருந்த காலத்தில், 2017 மார்ச் 21-இல் மாநிலங்களவையும் ஏப்ரல் 11-இல் மக்களவையும் அதை நிறைவேற்றின. குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தும் சட்டம் உடனே நடைமுறைக்கு வரவில்லை. தில்லி உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பிய பிறகு, 2018 செப்டம்பர் 10-இல்தான் அது அமலுக்கு வந்தது.

கர்ப்பிணிகளைப் பொருத்தவரை இச்சட்டம் தரும் பாதுகாப்புகள் குறிப்பிடத்தக்கவை. விவரம் அறிந்த ஒப்புதல் இன்றி எவருக்கும் பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை ரகசியமாகக் காக்க வேண்டும். தொற்றைக் காரணம் காட்டிப் பிரசவம் பார்க்க மறுப்பது சட்ட விரோதம். தொற்றுள்ள கர்ப்பிணிக்கு அவரது ஒப்புதலின்றிக் கருக்கலைப்போ கருத்தடை அறுவையோ செய்யக் கூடாது. புகார்களை விசாரிக்க மாநிலம்தோறும் குறைதீர்ப்பாளர் நியமிக்கப்பட வேண்டும்.

ஆனால் சிகிச்சை வழங்குவது குறித்த 14-ஆவது பிரிவில் 'இயன்ற வரை' என்ற சொல் இடம்பெற்றது. சிகிச்சையை உரிமையாக்காமல் அரசின் வசதிக்கு விட்டுவிடும் சொல் இது என்று விமர்சனம் எழுந்தது. இது வெறும் சொல் விவகாரம் அல்ல என்பதற்கு அதே மாதத்திலேயே சான்று கிடைத்தது. 2017 மார்ச் தொடக்கத்தில் குழந்தைகளுக்கான லோபினாவிர் சிரப்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அரசு தர வேண்டிய நிலுவைத் தொகை பற்றிய சிக்கலில், அதைத் தயாரித்த ஒரே நிறுவனம் விநியோகத்தை நிறுத்தியிருந்தது. தொற்றுள்ள குழந்தைகள் பிரதமருக்குக் கடிதம் எழுதினர். மாநிலங்கள் அவசரமாக உள்ளூர்ச் சந்தையில் மருந்து வாங்கப் பணிக்கப்பட்டன.

2022-இல் மீண்டும் ஒரு நெருக்கடி. டோலுடெக்ராவிர் உள்ளிட்ட மருந்துகள் உரிய அளவில் கிடைக்கவில்லை என்று தொற்றுள்ளோர் புதுதில்லியில் நாகோ அலுவலகம் முன் ஒரு மாதத்துக்கும் மேலாகப் போராடினர். நாடு தழுவிய தட்டுப்பாடு இல்லை என்றது சுகாதார அமைச்சகம். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கர்ப்பிணிக்கு மருந்து சில வாரங்கள் நின்றால் ரத்தத்தில் கிருமி மீண்டும் பெருகும். அதன் விளைவு வயிற்றில் உள்ள குழந்தையைச் சேரும்.

மூன்று வாசல், இரண்டு வீடு

மெட்டுகுடாவின் மூன்று வாசல்களுக்குத் திரும்புவோம். தெலங்கானாவில் எச்.ஐ.வி. பரவல் தேசிய சராசரியைவிட அதிகம். 2021 மதிப்பீட்டின்படி வயது வந்தோரில் 0.47 சதவீதம் பேருக்குத் தொற்று உள்ளது. தேசிய சராசரி 0.21 சதவீதம். மாநிலத்தில் 97 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு கூறுகிறது. அவற்றுள் ஏறத்தாழப் பாதி தனியார் மருத்துவமனைகளில். 2017-இல் மாநில அரசு தாய்மார்களுக்கு 12 ஆயிரம் ரூபாயும், பெண் குழந்தை எனில் 13 ஆயிரமும் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பின் அரசு மருத்துவமனைகளின் பங்கு கணிசமாக உயர்ந்தும் இதுவே நிலை.

அரசு மருத்துவமனையில் பரிசோதனை, ஆலோசனை, மருந்து, குழந்தைக்கான சோதனை ஆகியவை ஒரே சங்கிலியாக இணைக்கப்பட்டுள்ளன. தனியார் மருத்துவமனையில் சங்கிலியின் முதல் கண்ணியான பரிசோதனை பெரும்பாலும் நடந்துவிடும். அடுத்த கண்ணிகள்தாம் ஐயத்துக்கு உரியவை. தொற்று உறுதியானதும் 'வேறு இடம் பாருங்கள்' என்று அனுப்பிவிட்டால், அந்தப் பெண் அரசு ஏ.ஆர்.டி. மையத்தைச் சென்றடைந்தாரா என்று பார்க்க ஆள் இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப, தனியார் மருத்துவமனைகளுக்கு இலவசப் பரிசோதனைக் கருவிகளும் பயிற்சியும் அளித்து இணைக்கும் முறையை நாகோ கொண்டு வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'சாத்தி' என்ற தொண்டு நிறுவனம், உலக நிதியத்தின் ஆதரவுடன் 'ஸ்வேதனா' என்ற திட்டத்தின் வழியாகத் தனியார் மருத்துவமனைகளை இப்பணிக்குள் கொண்டு வந்தது.

மருத்துவமனைகளுக்கு அப்பால் மற்றொரு விரிசலும் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது தமிழர்களைப் போலவே தெலுங்கு மக்களிடமும் வேரூன்றிய வழக்கம். தெலுங்கில் தாய்வீட்டைப் 'புட்டில்லு' என்பர். சீமந்தம் முடிந்ததும், ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் பெண் பிறந்த வீட்டுக்குப் புறப்படுகிறார். தொற்றுள்ள கர்ப்பிணியின் ரத்தத்தில் கிருமி அளவைச் சோதிக்க வேண்டிய காலமும் 32-ஆவது வாரத்தை ஒட்டி, அதே எட்டாம் மாதத்தில்தான் வருகிறது. பிறக்கப் போகும் குழந்தைக்கு ஒரு மருந்து போதுமா, இரண்டு தேவையா, ஆறு வாரமா, பன்னிரண்டு வாரமா என்பதை அந்தச் சோதனை முடிவே பெரிதும் நிர்ணயிக்கிறது. பதிவேடு மெட்டுகுடாவில், பெண் கம்மத்திலோ வேலூரிலோ. பிறந்த வீட்டாருக்குத் தொற்று பற்றிச் சொல்லியிராத பெண், அங்கே மாத்திரையை எவர் கண்ணிலும் படாமல் விழுங்க வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகும் பணி முடிவதில்லை. ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி ரத்தத்தை அட்டையில் உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை இந்தியாவில் 2010 முதல் உள்ளது. ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் மீண்டும் சோதனை; 18-ஆம் மாதத்தில் இறுதி உறுதிப்படுத்தல். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும். பசும்பாலோ மாவுப்பாலோ இடையிடையே கலந்து தருவது தொற்று அபாயத்தைக் கூட்டும். தொற்றுடன் பிறந்து சிகிச்சை பெறாத குழந்தைகளில் பாதிப் பேர் இரண்டாவது பிறந்த நாளைக் காண்பதில்லை. ஆகவே ஆறாவது வாரச் சோதனை தவறினால், அந்தக் குழந்தையைப் பொருத்தவரை அது உயிர் பற்றிய விஷயம்.

விருதுநகர் காட்டிய பாடம்

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் அரசு மருத்துவமனை ஒன்றில் கர்ப்பிணி ஒருவருக்குச் செலுத்தப்பட்ட ரத்தம் எச்.ஐ.வி. தொற்றுடையது எனத் தெரியவந்து தமிழகமே அதிர்ந்தது. மன்னிக்க இயலாத அத்தவறு குறித்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரித்து இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அந்தப் பரபரப்பில் பலர் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று உண்டு. தொற்று தெரிந்த உடனேயே தாய்க்குக் கூட்டு மருந்து தொடங்கப்பட்டது. மறு மாதம் பிறந்த குழந்தைக்கும் தடுப்பு மருந்து தரப்பட்டது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் சோதனையில் தெரியவந்தது.

கர்ப்ப காலத்தின் இறுதியில் ஏற்படும் புதிய தொற்று, குழந்தைக்கு மிகவும் ஆபத்தானது. அந்நிலையிலும் ஒரு குழந்தையைக் காக்க முடிந்தது. தாயும் சேயும் ஒரு நாள்கூடக் கண்காணிப்பிலிருந்து விலகாததே காரணம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் தொற்று இல்லை என்று வந்துவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது என்பதும் இதில் அடங்கிய பாடம். கணவருக்குத் தொற்று இருக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்குக் கடைசி மூன்று மாதத்திலும், பாலூட்டும் காலத்திலும் மறு பரிசோதனை அவசியம்.

இலங்கையால் முடிந்தது

உலகில் முதன் முதலாகத் தாய்-சேய் எச்.ஐ.வி. பரவலை ஒழித்த நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கியூபாவுக்கு வழங்கியது. 2016-இல் தாய்லாந்து, 2018-இல் மலேசியா, 2019-இல் மாலத்தீவும் இலங்கையும் அதைப் பெற்றன. இலங்கை இந்தியாவைப் போன்ற பெரிய நாடு அல்ல; தொற்றும் அங்கு மிகக் குறைவு. ஆனால் அங்கு வீடு தேடிச் செல்லும் குடும்ப நல மருத்துவச்சியின் பதிவேட்டிலிருந்து தப்பும் கர்ப்பிணி அநேகமாக இல்லை. அந்தப் பதிவேடுதான் சான்றிதழைப் பெற்றுத் தந்தது.

பாலூட்டும் வழக்கமுள்ள நாடுகளுக்கு இச்சான்றிதழின் எல்லை 5 சதவீதத்துக்குக் கீழ். 2021 முதல் 2026 மார்ச் வரைக்கான ஐந்தாம் கட்ட தேசியத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கிய தொகை 15,471.94 கோடி ரூபாய். தாய்-சேய் பரவலை ஒழிப்பது அதன் அறிவிக்கப்பட்ட இலக்குகளுள் ஒன்று. எனவே நாடாளுமன்ற உறுப்பினர்கள் இனி கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை லட்சம் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடந்தது என்பதோடு நிற்கக் கூடாது. தொற்று கண்டறியப்பட்ட தாய்மார்களில் எத்தனை பேரின் குழந்தைகள் 18-ஆம் மாத இறுதிச் சோதனை வரை வந்தன? தனியார் மருத்துவமனைகளில் கண்டறியப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? மாவட்ட வாரியாக இக்கணக்கை அவையில் வைக்கும்படி கோரினால், சங்கிலி எந்த இடத்தில் அறுகிறது என்பது தெரிந்துவிடும்.

தாய்வீடு செல்லும் கர்ப்பிணிக்கு முன்பே அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்துக்குத் தகவல் சென்று சேர்வதும், இரண்டு மாத மருந்தைக் கையில் கொடுத்து அனுப்புவதும், ரயில்வே மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் மாநிலப் பதிவேட்டுடன் இணைவதும் பெரும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. பரிசோதனையோ மருந்தோ பற்றி ஐயம் உள்ளவர்கள் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் 1097 என்ற கட்டணமில்லாத எண்ணில் ஆலோசனை பெறலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.